வெயிலில் தெரியாத திரை

அத்தியாயம் 6

"இறந்து போனவங்களைப் பத்தி இப்படிப் பேசக் கூடாதுதான்..." என்று ஆரம்பித்தார் கொள்முதல் அதிகாரி.

அப்படி ஆரம்பிக்கிறவர்கள் பேசாமல் விட்டதில்லை. பூட்டு ஈரத் தலையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு காத்திருந்தான்.

காலையில் நல்ல தூறல். வீட்டில் இருந்தது ஒரே குடை. மனைவி போனதிலிருந்து அதைக் காணவில்லை. காய்ச்சலில் கிடந்தவள் கடைசியாகத் தெளிவாகச் சொன்னது அந்தக் குடையைப் பற்றித்தான். "குடை வண்டியில இருக்கு." அவன் ஓடிப்போய் வண்டியைத் தலைகீழாகப் புரட்டினான். இல்லை. காய்ச்சல் வேகத்தில் பிதற்றுகிறார் என்றார் டாக்டர். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பூட்டு என்பது அவன் பெயரல்ல. துப்பறியும் தொழிலில் இருப்பவர்கள் வைத்தது. வாயைத் திறக்க மாட்டான் என்பதால். கூடவே வந்திருந்த உதவியாளனுக்கு ரேடியோ என்று பெயர். அதற்குக் காரணம் அவன் பேச ஆரம்பித்தால் தெரிந்துவிடும். ரேடியோ, பூட்டின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. அக்கா போன பிறகும் அத்தானை விட்டுப் போகவில்லை. முன்னறை சோபாவிலேயே படுத்துக்கொள்கிறான்.

"சும்மா சொல்லுங்க சார்," என்றான் ரேடியோ. "இவர் கேட்டுக்குவார். கேக்குறதுக்குத்தான் காசே வாங்குறார்."

அதிகாரியின் மேசைமேல் மூன்று லேப்டாப்கள் வரிசையாக மூடிக் கிடந்தன. அவர் நடுவில் இருந்ததைத் தொட்டார்.

"ஆபீஸ்ல எல்லாருக்கும் லேப்டாப் வாங்கப் போறோம். மூணு கம்பெனி சாம்பிள் குடுத்தாங்க. மூணு ஸ்டாஃப்கிட்ட ஆளுக்கு ஒண்ணா குடுத்தேன். தினசரி ஆபீஸ் வேலையெல்லாம் இதுலயே பாருங்க, பாத்துட்டு எப்படி இருக்குன்னு வந்து சொல்லுங்கன்னேன். இது உங்க மிஸஸ் வச்சிருந்தது."

பூட்டு அதைப் பார்த்தான். சாம்பல் நிறம். மூடியில் ஒரு கீறல்கூட இல்லை.

"அவங்க வந்து சொல்றதுக்குள்ள... அப்படி ஆயிடுச்சு. அதனால பக்கத்து சீட்டுப் பொண்ணைக் கேட்டேன். உங்க ஃபிரெண்டு இதைப் பத்தி என்ன சொன்னாங்கன்னு. அந்தப் பொண்ணு அஞ்சு குறை சொல்லுச்சு. அதை வச்சு இதைக் கழிச்சோம். இப்ப இந்தக் கம்பெனிக்காரன் வந்து குதிக்கிறான். எங்க சாமானத்துல ஒரு குறையும் கிடையாது, போட்டிக் கம்பெனி ஏஜென்ட்டு உங்க ஆளை வளைச்சுட்டான்னு."

"யாரை வளைச்சுட்டான்?" ரேடியோ நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். "எங்க அக்காவையா? சீட்டாட்டத்துல கூட ஒரு சீட்டு திருடினதில்ல சார் அவ. நான் திருடினதை மட்டும் கண்டுபிடிச்சிடுவா."

"நான் சொல்லலப்பா. பேச்சு அப்படி இருக்கு." அதிகாரி குரலைத் தணித்தார். "மத்தியானமும் சாயங்காலமும் அந்த ஏஜென்ட்டோட கார்ல உக்காந்திருந்தாங்கன்னு ரெண்டு பேர் சொல்றாங்க. இன்னிக்கு சாயங்காலம் கமிட்டி கூடுது. கேட்டா நான் அதைத்தான் சொல்லியாகணும். அப்புறம் அது அவங்க பேரோட எழுத்துல நின்னுடும். நீங்க துப்பறியிறவர். அதுக்குள்ள வேற ஏதாவது கொண்டு வந்தா எனக்கும் நிம்மதி."

பூட்டு கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தான்.

லேப்டாப் கையில் இருந்த அந்த மாதம் முழுக்க அவள் வீட்டுக்குத் தாமதமாகத்தான் வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. ஊரையே வேவு பார்க்கிறவன், பக்கத்தில் படுத்திருந்தவளிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

பூட்டு பின்கழுத்தைப் பிசைந்துகொண்டான். பழைய வலி. பிறகு மூன்று லேப்டாப்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு அடியைப் பார்த்தான். திரும்ப நிமிர்த்தி வைத்தான்.

"நடுவுல இருக்குறதைக் குடுங்க. அவ சீட்டுல உக்காந்து பாக்கணும்."

*

அவள் இருக்கை ஒரு நீளக் கூடத்தின் கடைசியில் இருந்தது. ஜன்னல் இல்லாத மூலை. தலைக்குமேல் குழல்விளக்கு. மேசையில் யாரோ இரண்டு காலி அட்டைப்பெட்டிகளை ஏற்றிவைத்திருந்தார்கள். பக்கத்து சீட்டுப் பெண் அவசரமாக எழுந்து வந்து அவற்றை இறக்கினாள்.

"வேற யாரும் இன்னும் வரலண்ணா. அதான்..." என்றாள் பூட்டிடம். கண் கலங்கிவிட்டது.

பூட்டு உட்காரவில்லை. ரேடியோவைப் பார்த்துத் தலையசைத்தான். "உக்காரு. ஆபீஸ் வேலை பாரு."

"நானா? பழக்கமில்லாத வேலையா இருக்கே அத்தான்."

"மத்தியானம் வரைக்கும்."

ரேடியோ உட்கார்ந்தான். நாற்காலியின் குஷனை அழுத்திப் பார்த்தான். "இது தேவலை. வீட்டுல என் சோபா குஷன் ஒண்ணு காணாம போனதுலேர்ந்து நான் வெறும் மரத்துல படுக்குறேன். அக்காவைக் கேட்டேன், 'நீயே தின்னிருப்பே'ன்னா." சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தான். "ஒரு விரல்ல திறக்குது அத்தான். நம்ம வீட்டு பீரோவுக்கு ரெண்டு ஆள் வேணும்."

பக்கத்து சீட்டுப் பெண் தன்னிடமிருந்த வேலைகளைக் கொடுத்தாள். ஒரு கடிதம். நீளமான ஒரு கணக்கு அட்டவணை. அச்சு எடுக்க நாலு பக்கம். கேமராவைப் போட்டு வேறு கிளையுடன் ஒரு கூட்டம். ரேடியோ கடிதத்தை அடித்தான். அட்டவணையில் கூட்டிக் கழித்தான். ஒரே சமயத்தில் திரையில் பத்து ஜன்னல்களைத் திறந்துவைத்து எதையும் மூடாமல் குதித்துக் குதித்துப் போனான். சார்ஜர் கம்பியைப் பூட்டு வேண்டுமென்றே செருகவில்லை. பக்கத்தில் நின்று அவ்வப்போது லேப்டாப்பின் அடியைத் தொட்டுப் பார்த்தான். விசைகளைத் தட்டும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான். கூடத்தில் இருந்த மற்ற சத்தத்தில் அது கேட்கவே இல்லை.

"கூட்டத்துல நான் நல்லாத் தெரிஞ்சேனாம்," என்றான் ரேடியோ. "புது மேனேஜரான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். ஒரு ஆளுக்கு லீவு கூடக் குடுத்துட்டேன்."

மத்தியானம் எல்லோரும் சாப்பிட எழுந்தபோது சார்ஜ் மூன்றில் ஒரு பங்குதான் இறங்கியிருந்தது. ரேடியோ சோம்பல் முறித்தான்.

"அத்தான், நல்ல மிஷின். குறை சொல்ல ஒண்ணுமில்ல. வேணும்னா, விலை ஒட்டின இடத்துல பசை போகலன்னு சொல்லலாம்."

பூட்டு பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் திரும்பினான். "அவ சொன்ன அஞ்சையும் சொல்லும்மா. எந்த வரிசையில சொன்னாளோ அந்த வரிசையில."

அவள் யோசித்து, விரல் மடக்கினாள். "முதல்ல, வெயில்ல திரை தெரியலன்னு சொன்னா. அப்புறம், மடி சுடுதுன்னா. தட்டுனா சத்தம் வெளிய கேக்குதுன்னா. இருட்டுல முகத்துல வெளிச்சம் அடிக்குதுன்னா. கடைசியா, திரை வெளிச்சத்தைக் கூட்டி வச்சா சார்ஜ் நிக்கலன்னு சொன்னா. அவ்வளவுதாண்ணா. நான் ஒண்ணும் சேத்துச் சொல்லல. அவளே வந்து சொல்ல முடியாமப் போயிடுச்சே, அவ பாத்த வேலை வீணாப் போகக் கூடாதேன்னுதான் போய்ச் சொன்னேன்."

"தெரியும்," என்றான் பூட்டு. பிறகு குழல்விளக்கை அண்ணாந்து பார்த்தான். "இங்க வெயில் எங்க இருக்கு?"

அவளும் அண்ணாந்து பார்த்தாள்.

ரேடியோவுக்குப் பிடிபட்டுவிட்டது. "மேசை இருக்கு. மடி எதுக்கு? இந்தச் சந்தைக்கடைச் சத்தத்துல தட்டுற சத்தம் யாருக்குக் கேக்கும்? இருட்டு வேற. பகல்லயே லைட் எரியுது. காலடியில பிளக் இருக்கு, அப்புறம் சார்ஜுக்கு என்ன கவலை?" சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கியது. "அஞ்சுல ஒரு குறை கூட இந்தச் சீட்டுல வராது அத்தான்."

"அடியைப் பாரு," என்றான் பூட்டு.

ரேடியோ லேப்டாப்பைத் திருப்பினான். நாலு மூலையிலும் நாலு ரப்பர் கால்கள். கடையிலிருந்து நேற்று வந்ததுபோல் கறுப்பாக, சுத்தமாக இருந்தன. இன்று காலை பட்ட தூசு மட்டும் லேசாக.

"மத்த ரெண்டும் கால்ல அழுக்கு ஏறி வெளுத்துப் போயிருக்கு. மாசம் முழுக்க மேசையில தேய்ஞ்ச கால். இது மேசையையே பாத்ததில்ல." பூட்டு ஒரு காலின் ஓரத்தில் ஒட்டியிருந்த பழுப்பு நூலிழையை நகத்தால் எடுத்தான். "துணிமேல இருந்திருக்கு."

"மடியில," என்றான் ரேடியோ.

"இவ்வளவு முரட்டு நூல்ல அவகிட்ட புடவை இல்ல."

முரட்டு நூல் எதில் இருக்கும் என்று ரேடியோ யோசித்தான். கார் இருக்கை உறையில் இருக்கும். யோசனை அங்கே போய் நின்றதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பக்கத்து சீட்டுப் பெண் தயங்கினாள். "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. அவ லேப்டாப்பைத் தூக்கிட்டுக் கீழ போயிடுவா. கார் நிக்கிற இடத்துக்கு. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல. சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சும். எதுக்குன்னு கேட்டா சிரிப்பா. திரும்பி வரும்போது வியர்த்து விறுவிறுத்து வருவா. ஒரு குறையைச் சொல்லுவா. சொல்லிட்டு, 'இன்னிக்கும் தோத்துட்டேன்டீ'ம்பா. அதுக்கும் ஒரு சிரிப்பு."

"தோத்துட்டேன்னா?"

"ஆமா. மிஷின் தோத்துடுச்சுன்னு சொல்றான்னு நினைச்சேன். ஆனா கடைசி நாள் மட்டும், அதான், காய்ச்சல் வந்த அன்னிக்கு, வேற மாதிரி வந்தா. மேல ஏறி வரும்போதே உடம்பு சுட்டுது. கண்ணெல்லாம் செவந்து கிடந்தது. ஆனா ஒரே சந்தோஷம். 'ஜெயிச்சுட்டேன்டீ. வீட்டுக்குப் போய்ச் சொல்லணும்'னா."

பூட்டு கழுத்தைப் பிசைந்துகொண்டு நின்றான்.

அன்றிரவு ஒரு வேவு வேலை. அவன் வீடு திரும்பியபோது அவள் அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தாள். கண் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டியது என்னவோ, அது சொல்லப்படவில்லை.

*

மாடிப்படியில் ரேடியோ ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டு தளம் இறங்கியபின் பூட்டுக்கே அது பொறுக்கவில்லை.

"என்ன, ஸ்டேஷன் கிடைக்கலையா?"

"அத்தான்." ரேடியோ நின்றான். "இதோட விட்டுடலாமா? கமிட்டி என்னமோ எழுதிட்டுப் போகட்டும். நமக்குத் தெரியாமலே இருக்கட்டும்."

"உனக்கு உங்க அக்கா மேல சந்தேகமா?"

"சந்தேகம் இல்ல. பயம்."

பூட்டுக்கும் அதேதான். லேப்டாப்பை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான். "படியைப் பாத்து இறங்கு," என்றான்.

கீழே தூறல் நின்று வெயில் சுள்ளென்று அடித்தது. கட்டடத்துக்குப் பின்னால் மதில் ஓரமாகக் கார்கள் நின்றன. நிழலில் ஒரு முக்காலி போட்டு வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் யாரென்று ரேடியோ சொன்னதும் எழுந்துவிட்டார்.

"துப்பறியிறவங்களா? நல்லதாப் போச்சு. என் சைக்கிள் பூட்டு காணாமப் போச்சு தம்பி."

"சைக்கிள்?"

"சைக்கிள் பத்திரமா இருக்கு. பூட்டை மட்டும் எவனோ கொண்டு போயிட்டான்."

வேறு நாளாக இருந்தால் ரேடியோ இதை வைத்தே அரைமணி நேரம் ஓட்டியிருப்பான். இன்று நேராக விஷயத்துக்கு வந்தான். "மேல கணக்குப் பிரிவுல ஒரு அம்மா இருந்தாங்களே, இறந்து போனவங்க. அவங்க லேப்டாப்போட இங்க ஒரு கார்ல வந்து உக்காருவாங்களாமே?"

"உக்காருமே. தினம் உக்காரும்."

ரேடியோ கண்ணை மூடித் திறந்தான். பூட்டு கேட்டான்: "யார் காரு? ஏஜென்ட் காரா?"

"எந்த ஏஜென்ட்டு? அந்தச் சிவப்புக் காரு ஆளா? அவர் வருவார், காரை இங்க விடுவார், மேல போவார். அந்தம்மா பக்கம் திரும்பிக்கூடப் பாத்ததில்ல. அந்தாள் காரை நிறுத்துற இடத்துக்குப் பக்கத்துல நிக்குது பாருங்க ஒண்ணு. அதுல உக்காரும். மேல ஜன்னல்லேர்ந்து பாக்குறவனுக்கு ரெண்டும் ஒட்டினாப்பல தெரியும்."

அவர் கை காட்டிய இடத்தில் ஒரு பழைய கார் நின்றது. நின்றது என்பதே அதிகம். நாலு டயரிலும் காற்று இல்லை. கம்பெனி எப்போதோ கழித்துவிட்ட வண்டி. ஏலம் போட யாருக்கும் நேரமில்லாமல் அங்கேயே வெயிலில் வெந்துகொண்டிருந்தது. கதவு பூட்டுவதில்லை. பூட்டி வைக்கும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை.

"கூட யாரு இருந்தாங்க?" என்றான் ரேடியோ.

"யாருமில்ல. தனியாத்தான். நான்கூட ஒரு நாள் கேட்டேன். ஏம்மா, மேல ஜில்லுன்னு ரூம் இருக்கும்போது இந்த ஓட்டை வண்டியில உக்காந்து எதுக்கு வேகுறேன்னு. 'இதுவும் ஒரு ஆபீஸ்தாண்ணே'ன்னுச்சு."

பூட்டு நடந்து போய் முன்கதவைத் திறந்தான்.

சூடு முகத்தில் அறைந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளி, முதுகைச் சாய்த்துவிட்டிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஆள் இருப்பது தெரியாத சாய்வு. உறை முரட்டுப் பழுப்புத் துணி. முன்கண்ணாடியில் வெயில் தடுக்கும் வெள்ளி அட்டை ஒன்று. அதன் கீழ் ஓரத்தில், இரண்டு விரல் அகலத்தில் நீளமாக ஒரு வெட்டு.

ரேடியோ மறுபக்கக் கதவைத் திறந்து தலையை நீட்டினான். அந்த வெட்டைப் பார்த்தான்.

"அத்தான். இது நம்ம வண்டியில நீங்க வெட்டினது மாதிரியே இருக்கு."

பூட்டு கண்ணாடியைப் பார்த்தான். பின்னால் வருவதைக் காட்டும் சிறு கண்ணாடி, கொஞ்சம் இடப்பக்கம் திருகியிருந்தது. அவன் குனிந்து, சாய்ந்த இருக்கையில் தலை வைக்கும் இடத்துக்குத் தன் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தான். கண்ணாடியில் வெளிவாசல் முழுசாகத் தெரிந்தது. யார் வந்தாலும் போனாலும் கழுத்தைத் திருப்பாமல் பார்க்கலாம். இப்படித்தான் அவன் வைப்பான். ஒரு நாள் துணைக்கு அவளை வேவுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது சொல்லிக்கொடுத்தது.

அப்போது ஒரு பழைய இரவு ஞாபகம் வந்தது.

அவன் வேவு முடிந்து வந்து குப்புறப் படுத்திருந்தான். அவள் அவன் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நாள் முழுக்க நோட்டை மடியில வச்சுக் குனிஞ்சு குனிஞ்சு எழுதுனா கழுத்து என்னத்துக்கு ஆகும்? ஒரு லேப்டாப் வாங்கிக்குங்களேன்." அவன் தலையணைக்குள்ளிருந்து பதில் சொன்னான். "என் ஆபீஸ் கார்லதான். அதுல லேப்டாப் ஒத்துவராது." ஏன் என்றாள். தூக்கக் கலக்கத்தில் அவன் அடுக்கினான். வெயிலில் திரை தெரியாது. மடி சுடும். தட்டினால் சத்தம் கேட்கும். இருட்டில் வெளிச்சம் முகத்தில் அடித்துக் காட்டிக்கொடுக்கும். சார்ஜ் நிற்காது.

"பந்தயமா?" என்றாள்.

அவன் ம் என்றிருப்பான். அதற்குள் தூங்கிப்போனான். மறுநாள் அது நினைவிலேயே இல்லை.

அவளுக்கு இருந்திருக்கிறது. கையில் ஒரு லேப்டாப் வந்ததும், மேசையை விட்டுவிட்டு இங்கே இறங்கி வந்திருக்கிறாள். அவன் சொன்ன ஒவ்வொன்றையும், அவன் சொன்ன வரிசையிலேயே, உட்கார்ந்து வெந்து பார்த்திருக்கிறாள். தினம் ஒன்றில் தோற்றிருக்கிறாள். அவன் சொன்னது சரியென்று தெரிந்ததில் சிரித்திருக்கிறாள்.

"அத்தான்," என்றான் ரேடியோ. அவன் பின்னிருக்கையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். "என் குஷன்."

சோபா குஷன்தான். பச்சைப் பூப்போட்டது. அதன் ஒரு பக்கத்தில் ஒரு மெல்லிய பலகையைத் துணிநாடாவால் சுற்றிக் கட்டியிருந்தது. மடியில் குஷன், குஷன்மேல் பலகை, பலகைமேல் லேப்டாப். மடி சுடாது. தட்டுகிற சத்தத்தைக் குஷன் வாங்கிக்கொள்ளும்.

"'நீயே தின்னிருப்பே'ன்னா," என்றான் ரேடியோ. சிரிக்கத்தான் பார்த்தான். முடியவில்லை. கார் கூரையில் நெற்றியை வைத்துக்கொண்டு தோள் குலுங்க நின்றான். வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் முக்காலியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக நகர்ந்து போனார்.

பூட்டு குஷனை எடுத்தான். அதற்கடியில், இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே, நீளமாகக் கறுப்பாக ஒன்று கிடந்தது.

குடை.

குடை வண்டியில இருக்கு.

அவன் தேடியது தன் வண்டியில். ஒவ்வொரு இருக்கையின் அடியிலும் கைவிட்டுத் தேடினான். அவள் பிதற்றவில்லை. துப்பு கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். துப்பறிகிறவனுக்குத்தான் எந்த வண்டி என்று கேட்கத் தோன்றவில்லை.

அவன் குடையை வெளியே எடுத்தான். பிறகு உள்ளே ஏறிச் சாய்ந்தான். குஷனை மடியில் வைத்தான். லேப்டாப்பைத் திறந்தான். திரையில் வெயில் விழுந்து வெள்ளைத் தகடாக மின்னியது. ஒரு எழுத்தும் தெரியவில்லை. சரி. இது அவள் தோற்ற முதல் நாள்.

குடையை விரித்தான். வளைந்த பிடியை எங்கே மாட்டுவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தலைக்குமேல் கைப்பிடி வளையத்தில் ஏற்கெனவே ஒரு கயிற்று முடிச்சு தொங்கியது. மாட்டினான். கறுப்புத் துணி அவன் தலையையும் திரையையும் சேர்த்து மூடிக்கொண்டது. உள்ளே சின்னதாக ஒரு இருட்டு.

எழுத்துகள் தெரிந்தன.

இருட்டாக இருந்ததால் திரையின் வெளிச்சத்தைக் குறைக்க முடிந்தது. குறைக்கக் குறைக்கத் தெளிவாகத்தான் இருந்தது. குறைத்தால் சார்ஜ் நிற்கும். அந்தக் கொஞ்ச வெளிச்சமும் குடையைத் தாண்டி வெளியே போகாது. இரவிலும் முகம் தெரியாது. முன்னால் அட்டை வெட்டு வழியாகப் பாதை தெரிந்தது. கண்ணாடியில் வாசல் தெரிந்தது.

"அத்தான்?" வெளியிலிருந்து ரேடியோ. மூக்கை உறிஞ்சினான். "வெயில்ல தெரியுதா?"

"தெரியுது."

"மடி?"

"சுடல."

"சார்ஜு?"

"நிக்கும்."

"நீங்க உள்ள இருக்குறதே தெரியல அத்தான்," என்றான் ரேடியோ. "குரல் வரலன்னா கார் காலின்னுதான் சொல்லுவேன்."

*

கமிட்டி கூடும் நேரத்துக்கு அதிகாரியே கீழே இறங்கி வந்துவிட்டார். காருக்குள் குடை விரிந்திருப்பதைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"என்ன சார் இது?"

பதில் ரேடியோவிடமிருந்து வந்தது. இந்த ஒருமுறை ரத்தினச் சுருக்கமாக.

"மிஷின்ல குறை இல்ல சார். காலையிலேர்ந்து நான் அடிச்சுப் பாத்துட்டேன். உங்க மேசைக்கு, உங்க வேலைக்கு, பொருத்தமான மிஷின். கழிச்சது தப்பு. அந்த ஏஜென்ட் காருக்கும் எங்க அக்காவுக்கும் சம்பந்தமில்ல. வாட்ச்மேனைக் கேளுங்க. அவ உக்காந்தது இதுல."

"அப்ப அஞ்சு குறை சொன்னாங்களே? அது பொய்யா?"

"பொய் இல்ல," என்றது குடைக்குள்ளிருந்து ஒரு குரல். "பாத்து, சரியாத்தான் சொன்னா. ஆபீஸ்தான் வேற."

"வேற ஆபீஸா? எந்த ஆபீஸ்?"

"இது."

அதிகாரி குனிந்து உள்ளே பார்த்தார். சாய்ந்த இருக்கை, பூப்போட்ட குஷன், கயிற்றில் தொங்கும் கறுப்புக் குடை. கண்ணாடியில் வாசல். மடியில் லேப்டாப்போடு அதன் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆள். அவர் மெதுவான மனிதர். ஆனாலும் புரிந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நம்ம வேலைக்கு மிஷின் நல்லா இருக்கு, அவங்க சொன்ன அஞ்சு குறையைக் கணக்குல எடுக்க வேண்டாம், யார் மேலயும் தப்பு இல்லன்னு கமிட்டிகிட்ட சொல்லிடுறேன்," என்றார். "எழுத்துல ஒரு நாலு வரி குடுத்தீங்கன்னா வாசிச்சுடுவேன். அந்தப் பேச்சு பேசின ரெண்டு பேரும் அங்கதான் இருப்பாங்க. அவங்க காதுலயும் விழட்டும்." போகத் திரும்பியவர் நின்றார். "அப்புறம், லேப்டாப் மேல வேணும்."

"அடிச்சு முடிச்சுட்டுத் தர்றேன்."

"அவசரமில்ல," என்றார் அதிகாரி. "நான் மொதல்ல கமிட்டிக்கு டீ சொல்றேன்."

ரேடியோ சட்டைப் பையிலிருந்து அத்தானின் நோட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினான். வழக்கம் அது. அறிக்கை என்றால் அவன் எடுத்துக் கொடுப்பான், அத்தான் குனிந்து எழுதுவான். பூட்டு அதைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று தலையசைத்தான்.

ரேடியோ நோட்டைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு மறுபக்கம் ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். ஓடாத வண்டியின் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தான்.

பூட்டு இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினான். பழக்கமில்லை. நாலு வரிக்கு நெடுநேரம் ஆயிற்று. சத்தம் கேட்கவில்லை. கண்ணாடியில் ஆபீஸ் முடிந்து ஒவ்வொருவராக வாசலைத் தாண்டிப் போனார்கள். பக்கத்து சீட்டுப் பெண் போனாள். சிவப்புக் கார் போனது. யாரும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் இறங்கி, அட்டை வெட்டின் வழியாக ஒரு கோடாக உள்ளே வந்து குடைத்துணியில் விழுந்தது. அவன் கடைசி வரியை அடித்துவிட்டு, பழக்கத்தில் கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோனான்.

கை அங்கேயே நின்றது.

"என்ன அத்தான்?" என்றான் ரேடியோ.

கழுத்து வலிக்கவில்லை.